நீரிழிவு ஊசியும் நெஞ்சும்

சென்ற விடுமுறையில் தாராவிக்கு என் மாமாவைப் பார்க்கப் போயிருந்தேன். தொண்ணூறடிச் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் அவர் வீடு. முப்பது ஆண்டுகளாக விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்து, சைக்கிளில் ஏற்றி மாட்டுங்கா, சயான் பக்கம் கொண்டுபோய் விற்றுவிட்டு, பதினொரு மணிக்கு மேல் வீடு திரும்பித் தாம் உண்பவர். நீரிழிவு கண்டு பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து பிழைத்தெழுந்தார். இப்போது மாத்திரைக்குச் சர்க்கரை அடங்கவில்லை என்று டாக்டர் இன்சுலின் எழுதித் தந்திருக்கிறார். அந்தச் சீட்டு மூன்று வாரமாக முருகன் படத்துக்குப் பின்னே செருகிக் கிடக்கிறது.

"ஏலே, நீ மருந்துப் படிப்புதானே படிக்கே? இன்சுலின் போட ஆரம்பிச்சா நெஞ்சு கெட்டுப்போகும்னு சொல்லுதாங்களே, நெசமா?" என்று கேட்டார் மாமா.

"பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஊசி போட்டு ஆறு மாசத்துல போயிட்டாவ" என்றார் அத்தை.

மாமா மகனுக்கு வேறு கவலை. செம்பூரில் இருக்கும் என் வகுப்புத் தோழனின் தந்தை வாரம் ஒரு முறை புதிய ஊசி ஒன்று போட்டுக்கொள்கிறார், உடல் இளைத்துவிட்டது, "இருதயத்துக்கும் நல்லதாம்" என்று அவர்கள் வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். இதை நானே முன்பொரு நாள் பேச்சுவாக்கில் சொல்லித் தொலைத்திருந்தேன். கடன் வாங்கியாவது அந்த ஊசியை அப்பாவுக்கு வாங்கிவிடலாமா என்று கேட்டான்.

இன்சுலினும் ஹார்மோன்தான்; செம்பூர் ஊசியும் ஹார்மோன் வகையைச் சேர்ந்ததுதான். ஒன்று நெஞ்சைக் கெடுக்கும் என்கிறது ஊர். மற்றொன்று நெஞ்சைக் காக்கும் என்கிறது. அன்று என்னால் தெளிவாக விடை கூற இயலவில்லை. விடுதிக்குத் திரும்பிய பின், படித்தும் ஆசிரியரைக் கேட்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். நம் சங்கத்து நண்பர்களில் பாதிப் பேர் வீட்டிலாவது ஒரு நீரிழிவு நோயாளி இருப்பார் என்பதால் இது வீண்போகாது.

நீரிழிவுக்காரர் சர்க்கரை மிகுதியால் மட்டும் இறப்பதில்லை. பலர் இருதய நோயால்தான் இறக்கின்றனர். சென்னையில் இரண்டு குடியிருப்புகளில் 20 வயதுக்கு மேற்பட்ட 1,262 பேரை ஆராய்ந்த டாக்டர் மோகன் குழுவினர், 2001இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். சர்க்கரை இயல்பாக இருந்தவர்களில் ஏறக்குறைய 9 சதவிகிதத்தினருக்கு இருதயத் தமனி நோய் இருந்தது. நீரிழிவு உள்ளவர்களில் அது 21 சதவிகிதம். அதே ஆய்வில் கழுத்துத் தமனியின் சுவர்ப் படலத்தையும் அளந்து பார்த்தனர். நீரிழிவு இல்லாதவர்க்குச் சராசரி 0.74 மில்லிமீட்டர், உள்ளவர்க்கு 0.95. முடியளவு வேற்றுமைதானே என்று தோன்றும். ஆனால் இந்தத் தடிப்பு கழுத்தில் மட்டும் நிற்பதில்லை. இருதயத்துக்கும் மூளைக்கும் காலுக்கும் செல்லும் குழாய்களில் என்ன நடக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

இரும்புக் குழாயில் துரு படிவது போல இரத்தக் குழாயில் கொழுப்புப் படிகிறது என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். அந்த உவமை முழுப் பொருத்தம் அன்று. இரத்தக் குழாய் உயிருள்ள உறுப்பு. அதன் உட்பக்கம் ஒரே அடுக்கு உயிரணுக்களால் ஆன மெல்லிய படலம் ஒன்று உண்டு. குழாய் விரியவும் சுருங்கவும் வேண்டிய கட்டளைகளை அதுவே இடுகிறது. சர்க்கரையும் உயர் இரத்த அழுத்தமும் புகையும் அப்படலத்தைப் புண்படுத்தும்போது, கொழுப்பு குழாய்ச் சுவருக்கு உள்ளேயே புகுந்துவிடுகிறது. அதைத் தின்ன வெள்ளணுக்கள் பின்தொடர்ந்து வந்து அங்கேயே தங்கிப் புழுங்குகின்றன. இதுதான் அழற்சி. பிறகு ஒரு நாள் அந்தக் கட்டி வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, குழாய் அடைபடுகிறது. மாமாவுக்கு நேர்ந்தது அதுவே. எனவே ஒரு மருந்து சர்க்கரையைக் குறைக்கிறதா என்பது ஒரு கேள்வி. குழாய்ச் சுவருக்குள் நடக்கும் இந்தக் கலகத்தை அடக்குகிறதா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு 'ஆம்' என்று விடை வந்தால் இரண்டாவதற்கும் அதுவே விடை என்று டாக்டர்களே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள்.

இனி இன்சுலினுக்கு வருவோம். 1921இல் டொராண்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்ட்டும் அதைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகச் செலுத்தினர். அதுவரை சிறு வயதில் வரும் நீரிழிவு என்றால் சில மாதங்களில் சாவுதான். உயிர் காத்த அந்த மருந்துக்கு நெஞ்சைக் கெடுக்கும் பெயர் எப்படி வந்தது?

அப்பேச்சு முழுப் பொய்யும் அன்று. இன்சுலின் சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கி வைக்கிறது. உப்போடு நீரும் தேங்கும். தளர்ந்த இருதயத்துக்கு அது சுமை. எடையும் சற்றுக் கூடும். இவற்றினும் பெரியது தாழ்சர்க்கரை. ஊசியைப் போட்டுவிட்டு உண்ணாமல் இருந்தால் சர்க்கரை மளமளவென்று இறங்கும். உடல் அஞ்சி அட்ரினலினைக் கொட்டும். நெஞ்சு படபடக்கும், துடிப்பின் ஒழுங்கு குலையும். ஏற்கெனவே அடைபட்ட தமனியுள்ளவருக்கு இது ஆபத்து. விடியலில் புறப்பட்டுப் பதினொரு மணிவரை வெறும் தேநீரோடு சைக்கிள் மிதிக்கும் மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள்.

2008இல் வெளியான அக்கார்டு என்னும் சோதனை இந்த அச்சத்தைப் பெரிதாக்கிற்று. 10,251 நீரிழிவு நோயாளிகளில் ஒரு பாதியினரின் சர்க்கரையை, பல மருந்துகளை ஒன்றாகக் கொடுத்து, இயல்பானவர் அளவுக்கே இறக்க முயன்றனர். அந்தப் பிரிவில் 257 பேர் இறந்தனர். நிதானமாக வைத்தியம் பெற்ற பிரிவில் 203 பேர். கடுஞ்சிகிச்சைப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். குற்றம் இன்சுலினுடையது மட்டும் என்று சொல்ல இதில் இடமில்லை. அளவு மீறிய அவசரத்தின் விளைவு என்றே பலரும் கொள்கிறார்கள்.

இன்சுலினைத் தனியே நிறுத்தி விசாரித்தது ஒரிஜின் என்னும் சோதனை. 12,537 பேர், ஏறக்குறைய ஆறு ஆண்டுகள். 2012இல் முடிவு வந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் இருதயச் சாவும் இன்சுலின் போட்டுக்கொண்டவர்க்குக் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஊரார் சொல்வது தவறு என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை. இன்னும் இரண்டு சாட்சிகள் இன்சுலினுக்கு ஆதரவாகவே உள்ளன. இளவயது நீரிழிவுக்காரர் 1,441 பேரிடம் 1983இல் தொடங்கிய அமெரிக்க ஆய்வில், தொடக்கத்திலேயே சர்க்கரையை இன்சுலினால் நன்றாக அடக்கியவர்களுக்குப் பிற்காலத்தில் இருதய நிகழ்ச்சிகள் 42 சதவிகிதம் குறைந்திருந்ததாக 2005இல் தெரியவந்தது. இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வில், முதல் ஆண்டுகளில் மாத்திரையாலோ இன்சுலினாலோ சர்க்கரையைக் கண்டிப்பாக அடக்கியவர்களுக்குப் பத்து ஆண்டு கழித்து, 2008இல் பார்க்கையில் மாரடைப்பு 15 சதவிகிதம் குறைவாக இருந்தது. சிறுவயதுச் சேமிப்பு முதுமையில் வட்டியோடு வருவது போல என்று கொள்ளலாம்.

அப்படியானால் பக்கத்து வீட்டு அண்ணாச்சி? நம் மக்கள் இன்சுலினை எப்போது ஏற்றுக்கொள்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து ஆண்டு மறுத்துவிட்டு, சிறுநீரகமும் இருதயமும் தளர்ந்த பின், கடைசிப் புகலாக ஊசிக்குச் சம்மதிக்கிறார்கள். சில மாதங்களில் சாவு வருகிறது. தெருவில் ஊசி மேல் பழி விழுகிறது. தீயணைப்பு வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் வீடு எரிகிறது என்பதால் வண்டிதான் தீ வைத்தது என்பார் உண்டோ?

சர்க்கரை குறைந்தால் போதும் என்ற நம்பிக்கையை உடைத்தது ரோசிகிளிட்டசோன் என்ற மாத்திரை. அது ஹார்மோன் அன்று. ஆயினும் இக்கதையில் அதற்கு இடம் உண்டு. சர்க்கரையை நன்றாகவே குறைத்தது, உலகெங்கும் விற்றது. 2007இல் நிசன் என்ற அமெரிக்க இருதய நிபுணர் 42 சோதனைகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்து, அதை உட்கொண்டவர்க்கு மாரடைப்பு வாய்ப்பு 43 சதவிகிதம் மிகுதி என்று எழுதினார். பெரும் விவாதம் மூண்டது. நம் நாடு 2010இல் அம்மாத்திரையைத் தடை செய்தது. அதற்கு முன்பே, 2008 டிசம்பரில், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரு புதிய நிபந்தனையை விதித்திருந்தது. புதிய நீரிழிவு மருந்து எதுவாயினும் அது இருதயத்துக்குத் தீங்கு செய்யாது என்று காட்ட வேண்டும் என்பதே அது. தீங்கில்லை என்று நிரூபிக்கத் தொடங்கிய சோதனைகளே பின்னர் சில மருந்துகள் நன்மையும் செய்கின்றன என்று காட்டின. எவரும் எதிர்பாராத திருப்பம்.

செம்பூர் ஊசியின் பிறப்பு வரலாறு சுவையானது. ஒருவருக்குச் சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தாலும் நரம்பு வழியே ஏற்றினாலும் இரத்தத்தில் சர்க்கரை ஒரே அளவுக்கு ஏறும்படி செய்யலாம். ஆனால் குடித்தவருக்குத்தான் இன்சுலின் மிகுதியாகச் சுரக்கிறது என்று 1964இல் கண்டார்கள். அதாவது, நாம் இட்லியை விழுங்கியதும், "சர்க்கரை வருகிறது, ஆயத்தமாக இரு" என்று குடல் கணையத்துக்குத் தந்தி அடிக்கிறது. (நம் நாட்டில் தந்திச் சேவை 2013இல் நின்றுவிட்டது, குடலில் இன்னும் நிற்கவில்லை.) இத்தகைய குடல் ஹார்மோன்களுக்கு இன்கிரெட்டின் என்ற பெயரை பெல்ஜிய நாட்டு லா பார் 1932இலேயே வைத்திருந்தார். அவற்றுள் சிறந்ததான ஜி.எல்.பி.-1, 1980களில் அடையாளம் காணப்பட்டது. அது இன்சுலினைச் சுரக்கச் செய்யும். ஆனால் இரத்தத்தில் சர்க்கரை உயர்ந்திருக்கும்போது மட்டும். இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். பசியை அடக்கும். இவ்வளவு குணங்களும் இருந்தென்ன? அதன் ஆயுள் இரண்டே நிமிடம். இரத்தத்தில் உள்ள டி.பி.பி.-4 என்ற நொதி அதை வெட்டிப்போடுகிறது.

இந்தத் தொல்லைக்கு மருந்தியலார் இரண்டு வழி கண்டனர். வெட்டும் கத்தியை மழுக்குவது ஒரு வழி. இவ்வகையில் வந்தவை சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், சாக்சாகிளிப்டின் முதலிய மாத்திரைகள். கத்திக்கு எட்டாதபடி ஹார்மோனையே மாற்றிச் செய்வது மற்றொரு வழி. செம்பூர் ஊசி இந்த இரண்டாம் வகை.

கிளிப்டின்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிட்டாகிளிப்டினை 14,671 பேரிடம் சோதித்து 2015இல் வெளியிட்ட முடிவு, இருதயத்துக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்பது. சாக்சாகிளிப்டின் சோதனையில், 2013இல், ஒரு கவலையும் தலைகாட்டியது: இருதயத் தளர்ச்சிக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் மருந்து உண்டவர்களில் 3.5 சதவிகிதம், உண்ணாதவர்களில் 2.8 சதவிகிதம். ஆகவே இருதயம் தளர்ந்தவருக்கு அந்த ஒன்றைத் தவிர்ப்பார்கள். வில்டாகிளிப்டினின் காப்புரிமை நம் நாட்டில் 2019 டிசம்பரில் முடிந்தபின் பல கம்பெனிகள் அதைச் செய்யத் தொடங்கி விலை வெகுவாக இறங்கிற்று. இவ்வகை மாத்திரைகள் மலிவு, சர்க்கரையைக் குறைக்கும், தாழ்சர்க்கரைத் தொல்லையும் குறைவு. மாரடைப்பைத் தடுக்கும் என்று மட்டும் அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது.

இரண்டாம் வழிக்கு முதலில் உதவியது ஒரு பல்லியினம்! அமெரிக்கப் பாலைநிலத்தில் வாழும் ஹீலா என்னும் நச்சுப் பல்லியின் உமிழ்நீரில், நம் ஜி.எல்.பி.-1ஐப் போன்றே வேலை செய்யும், ஆனால் எளிதில் வெட்டுப்படாத பொருள் ஒன்று இருப்பதை 1992இல் டாக்டர் ஜான் எங் கண்டு எழுதினார். அதைக் கொண்டு செய்த எக்செனடைடு 2005இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பின்னர் மனித ஹார்மோனையே சற்று மாற்றிச் செய்த லிராகுளுடைடு, டூலாகுளுடைடு, செமாகுளுடைடு ஆகியவை தொடர்ந்தன. முதல் ஒன்று நாளுக்கு ஒரு முறை. மற்ற இரண்டும் வாரத்துக்கு ஒரு முறை.

இருதயச் சோதனை முடிவுகள் வரிசையாக வந்தன. 2015இல் லிக்சிசெனடைடு: 6,068 பேர், பயனுமில்லை, தீங்குமில்லை. 2016இல் லீடர் என்ற சோதனையில் லிராகுளுடைடு: 9,340 பேர், ஏறக்குறைய 3.8 ஆண்டுகள். மாரடைப்பு, பக்கவாதம், இருதயச் சாவு ஆகிய மூன்றில் ஒன்று நேர்ந்தவர்கள், வெற்று ஊசி போட்டவர்களில் 14.9 சதவிகிதம்; மருந்து பெற்றவர்களில் 13.0. இருதயச் சாவு மட்டும் 6.0இலிருந்து 4.7 ஆயிற்று. அதே ஆண்டில் செமாகுளுடைடு, 3,297 பேரிடம், 8.9ஐ 6.6 ஆக்கியது. 2019இல் டூலாகுளுடைடு, 9,901 பேரிடம் ஐந்து ஆண்டுக்கு மேல் சோதிக்கப்பட்டு, 13.4ஐ 12.0 ஆக்கியது. அச்சோதனையில் கலந்தவர்களில் பெரும்பாலோர்க்கு அதற்குமுன் இருதய நோயே இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இந்த எண்களைக் கையாளும்போது நாம் ஏமாந்துவிடக் கூடாது. லீடர் முடிவை ஒருவர் "ஆபத்து 13 சதவிகிதம் குறைகிறது" என்று சொல்லலாம், அது சரியே. நம் கல்லூரி வகுப்பறையில் 100 நோயாளிகளை உட்காரவைத்து நான்கு ஆண்டு பார்த்தால், மருந்தில்லாவிடில் 15 பேருக்கு நேரவேண்டிய கேடு மருந்தினால் 13 பேருக்கு நேர்கிறது என்றும் சொல்லலாம்; அதுவும் அதே செய்திதான். ஆக, 100இல் இருவர் தப்புகிறார்கள். 85 பேருக்கு எப்படியும் ஒன்றும் நேர்ந்திருக்காது. 13 பேருக்கு மருந்து போட்டும் நேர்கிறது. இருவர் தப்புவது சிறிதா பெரிதா? அந்த 100 பேரும் ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களானால், தப்புவோர் தொகை பொதுவாகக் கூடும். நோயே இல்லாத நடுவயதினராயின் குறையும். அதே ஊசி, அதே விலை. பயன் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. விளம்பரங்கள் எப்போதும் முதல் வகைக் கணக்கையே சொல்லும். அதைக் கண்டால் இரண்டாம் வகைக்கு மாற்றிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

முடிவுகளைப் படித்துவந்தபோது எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. பல்லியிலிருந்து வந்த லிக்சிசெனடைடு பயன் தரவில்லை. எக்செனடைடும் 2017இல் 14,752 பேரிடம் தெளிவான வெற்றியை எட்டவில்லை. மனித ஹார்மோனை ஒத்தவை வென்றன. ஆகையால் மனித உருவே இருதயத்துக்கு உகந்தது என்று முடிவு கட்டி, குறிப்பேட்டில் கோடிட்டும் வைத்தேன். ஆசிரியரிடம் பெருமையோடு காட்டியபோது, 2021 முடிவைப் பார்த்தாயா என்று கேட்டார். எஃப்பெக்ளெனடைடு என்ற மருந்தும் பல்லி வழியில் பிறந்ததே. 4,076 பேரிடம் அது கேட்டை 9.1இலிருந்து 7.0 ஆக்கியிருந்தது. என் கோட்டை அழித்தேன். உடலில் எவ்வளவு நேரம் மருந்து நின்று வேலை செய்கிறது என்பது பெரிய காரணமாக இருக்கலாம்.

எப்படிக் காக்கின்றன? எடை குறைவது ஒரு வழி; இரத்த அழுத்தம் சிறிது இறங்குவது மற்றொன்று. ஆனால் அவை மட்டும் போதிய விளக்கமாகா. 2023இல் செமாகுளுடைடை, நீரிழிவே இல்லாத, ஆனால் பருமனும் இருதய நோயும் உள்ள 17,604 பேரிடம் சோதித்தபோது கேடு 8.0இலிருந்து 6.5 ஆகக் குறைந்தது. சர்க்கரை நோயே இல்லாதவரிடத்தும் பயன் கண்டதால், சர்க்கரை வழியாக மட்டும் இது நடக்கவில்லை என்பது உறுதி. எடை நன்றாகக் குறையும் முன்பே இரு பிரிவினரின் கோடுகளும் பிரியத் தொடங்கின. மேலே சொன்ன குழாய்ச் சுவர் அழற்சியை இந்த ஹார்மோன் தணிக்கிறது என்று கருத இடமிருக்கிறது. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதம் குறைவதை அளந்திருக்கிறார்கள்.

கால் குழாய்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து வலிக்க, நின்றால் வலி விட, மீண்டும் நடந்தால் பிடிக்கிறது என்று சொல்லும் முதியவர்களை நம் தெருக்களில் காணலாம். "வயசாச்சு, வாயு" என்பார்கள். பெரும்பாலும் அது வாயு அன்று. காலுக்குச் செல்லும் தமனி அடைபட்டதன் அடையாளம். 2025இல் வெளியான சோதனையொன்றில், இத்தகைய கால்நோயுள்ள நீரிழிவுக்காரர் 792 பேருக்கு ஓராண்டு செமாகுளுடைடு கொடுத்ததில், நடக்கக்கூடிய தூரம் வெற்று ஊசியினரைவிட 13 சதவிகிதம் கூடியது. சந்துக்குள் தண்ணீர்க் குடம் தூக்கி மாடிப்படி ஏறுபவருக்கு அந்த 13 சதவிகிதம் என்ன என்பது தெரியும்.

குறைகளும் சொல்லவேண்டும். இந்த ஊசிகள் நாடித் துடிப்பை நிமிடத்துக்கு இரண்டு மூன்று கூட்டுகின்றன. இருதயத் தசை மிகவும் வலுவிழந்த 300 பேருக்கு லிராகுளுடைடு கொடுத்துப் பார்த்த 2016 சோதனையில் பயனில்லை; தீங்கோ என்ற ஐயமே மிஞ்சியது. ஆனால் சுருங்கும் வலிமை இருந்தும் விரிய முடியாமல் விறைத்துப்போன இருதயம் உள்ள பருமனான நீரிழிவுக்காரர் 616 பேரிடம், 2024இல், செமாகுளுடைடு மூச்சிரைப்பைக் குறைத்து நடையைக் கூட்டியது. 'இருதயம் தளர்ந்தது' என்று ஒரே சொல்லால் குறிப்பது இங்கே போதாது. எகோ படம் எடுத்து எந்தத் தளர்ச்சி என்று பார்க்க வேண்டும். குமட்டல், வாந்தி பலருக்கு வரும். பித்தப்பைக் கல்லும் சிலருக்கு. சர்க்கரை திடீரென இறங்குவதால் விழித்திரைக் கேடு மிகுவதும் செமாகுளுடைடு சோதனையில் காணப்பட்டது: 3.0 சதவிகிதம், எதிர்ப்பக்கம் 1.8. ஆகவே கண்ணைப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பொருள் அன்று இது.

இரண்டு குடல் ஹார்மோன்களின் வேலையையும் ஒருங்கே செய்யும் டிர்செபடைடு 2025 மார்ச்சில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் அதை டூலாகுளுடைடுக்கு எதிரே 13,000 பேருக்கு மேல் சோதித்த முடிவும் வந்தது. இருதயக் காப்பில் அது பழைய மருந்துக்குக் குறைந்ததன்று. செமாகுளுடைடை ஊசியாக அன்றி மாத்திரையாகவே 9,650 பேருக்குக் கொடுத்து, கேட்டை 13.8இலிருந்து 12.0 ஆக்கியதாகவும் 2025இல் செய்தி.

விலைக்கு வருவோம். டிர்செபடைடு நம் சந்தையில் இறங்கியபோது 5 மில்லிகிராம் குப்பி ஒன்றின் விலை 4,375 ரூபாய். வாரம் ஒன்று, மாதம் 17,500. மாமா வீட்டில் அரிசி, உளுந்து, மண்ணெண்ணெய், வாடகை எல்லாம் போக மிஞ்சுவதை இங்கே எழுத வேண்டியதில்லை. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட கிளென்மார்க் கம்பெனி 2024 ஜனவரியில் லிராகுளுடைடை உள்நாட்டிலேயே செய்து, நாளொன்றுக்கு நூறு ரூபாய் அளவில் தந்தது. செமாகுளுடைடின் முதன்மைக் காப்புரிமையும் இந்தியாவில் 2026 மார்ச் வரைதான். வில்டாகிளிப்டினுக்கு நடந்தது இதற்கும் நடக்கும் என்று நம்பலாம். ஆனால் செம்பூர் நண்பனின் தந்தைக்கு மாரடைப்பு வந்ததில்லை. எடைதான் அவர் கவலை. மாரடைப்பு வந்தவர் தாராவியில் இருக்கிறார். ஊசியின் பயன் எவருக்கு மிகுதியோ அவருக்கு அது எட்டாத உயரத்தில் இருப்பதை என் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிவைத்தேன். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இடையே ஒரு செய்தி. ஹார்மோன் அல்லாத டபாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை, சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றுவது, இருதயத் தளர்ச்சியைத் தடுப்பதில் பேர்பெற்றது. 2020 அக்டோபரில் காப்புரிமை முடிந்தபின் அதன் விலையும் இறங்கியது. கட்டுரையின் பொருளுக்கு வெளியே போனாலும், எளியவர் வீட்டில் முதலில் கேட்கவேண்டியது இதைப்பற்றித்தான் என்று தோன்றுகிறது.

அடுத்த ஞாயிறு மீண்டும் தாராவி போனேன். மாமாவிடம் மேற்கண்டவற்றையெல்லாம் சொல்லவில்லை. ஊசி போட்டதால் அண்ணாச்சி சாகவில்லை என்பதையும், ஊசி போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால்தான் ஆபத்து என்பதையும் சொன்னேன். கடன் வாங்கும் யோசனையை மச்சான் தள்ளிவைத்தான். மூன்று பேருமாகச் சயான் மருத்துவமனைக்குப் போனோம். நான் எழுதிக்கொண்டு போன கேள்விகள் நான்கு: இருதயம் எந்த நிலையில் இருக்கிறது, எகோ வேண்டுமா? காலையில் பதினொரு மணிவரை உண்ணாதவருக்கு எந்த இன்சுலின், எப்போது? டபாகிளிஃப்ளோசின் இவருக்கு ஆகுமா? விலை இறங்கும்போது குடல் ஹார்மோன் ஊசிக்கு மாறலாமா, அதற்குமுன் கண் பார்க்க வேண்டுமா?

டாக்டர் நான்கையும் பொறுமையாகக் கேட்டார். இரவில் ஒரு முறை மட்டும், சிறு அளவில், நீடித்து வேலை செய்யும் இன்சுலின் எழுதினார். காலை ஐந்து மணிக்குச் சைக்கிள் எடுக்குமுன் இரண்டு இட்லி உண்டே தீரவேண்டும் என்றார். "விக்கிற இட்லியில ரெண்டு குறையுமே" என்று மாமா சிரித்தார். சட்டைப் பையில் எப்போதும் சர்க்கரைப் பொட்டலம் வைத்திருக்கச் சொன்னார். டபாகிளிஃப்ளோசினைச் சிறுநீரகப் பரிசோதனைக்குப் பின் தொடங்குவதாகவும், எகோவுக்கும் கண்ணுக்கும் நாள் குறித்துத் தருவதாகவும் கூறினார். குடல் ஹார்மோன் ஊசியைப் பற்றி, "உங்களுக்குப் பயன்படக்கூடியதுதான், கைக்கு எட்டும் விலைக்கு வரட்டும், பேசுவோம்" என்றார்.

வீட்டில் குளிர்ப்பெட்டி இல்லை. அத்தை ஒரு சிறு மண்பானையில் ஈர மணலைப் பரப்பி, அதன் நடுவே மூடியிட்ட டப்பாவில் இன்சுலின் குப்பியை வைத்து, ஜன்னலுக்கு எதிர்ப்புறம், அடுப்பிலிருந்து தள்ளி வைத்திருக்கிறார். முருகன் படத்துக்குப் பின்னே இப்போது செருகியிருப்பது எகோவுக்குக் குறித்த தேதிச் சீட்டு.